டிக்கிக்குள் மாட்டிக்கொண்ட ஜம்ப் ஸ்டார்ட்டர்: ஒரு ஹேட்ச்பேக், நான்கு பேட்டரிக் கருவிகள்

வண்டி: நான்கு ஆண்டு ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக், ஏஎம்டி கியர் (கிளட்சையும் கியரையும் மின்சாரத்தால் தானே மாற்றிக்கொள்ளும் வகை), 35 ஆம்பியர்-மணி பேட்டரி (வண்டியோடு வந்ததே, இன்னும் மாற்றவில்லை). இடம்: சென்னையில் கூரையில்லாத அடுக்குமாடி பார்க்கிங். காலம்: மே மாதம், கத்திரி வெயில். உரிமையாளர் மூன்று வாரம் ஊரில் இல்லை. டிக்கியில் நான்கு கருவிகள்: 12,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று எழுதிய ஜம்ப் ஸ்டார்ட்டர் (கார் பேட்டரி செத்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எஞ்சினை எழுப்பும் கருவி), டயருக்குக் காற்றடிக்கும் கையடக்க இன்ஃப்ளேட்டர், கம்பியில்லா வேக்குவம் கிளீனர், வண்டி கழுவ, பேட்டரியில் ஓடும் வாட்டர் கன். வாங்கிய புதிதில் நான்கும் ஒழுங்காக ஓடியவை. தேவைப்பட்ட அன்று நான்கும் காலை வாரின.

இது ஒரே ஒரு வண்டியின் வரலாறு அல்ல. விடுமுறை முடிந்த வாரங்களில் வழக்கமாக வரும் பழுதுகளை ஒரு வண்டியில் வரிசையாக அடுக்கிப் பார்க்கும் மாதிரி நிகழ்வு. கீழே வரும் அளவுகள் இந்த ரக வண்டியிலும் கருவிகளிலும் சாதாரணமாகக் கிடைப்பவை.

முதல் அரை மணி நேரம்

ரிமோட்டை அழுத்தினால் பூட்டு அசையவில்லை. சாவியை ஓட்டுநர் கதவில் செருகித் திறந்தாயிற்று. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஜம்ப் ஸ்டார்ட்டரை எடுக்கப் பின்னால் போனால் டிக்கி திறக்க மறுக்கிறது. இந்த ரக ஹேட்ச்பேக் பலவற்றில் டிக்கிக்குச் சாவித் துளையும் கிடையாது, ஓட்டுநர் சீட்டுக்கு அருகே இழுக்கும் கேபிளும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் தாழ்ப்பாளை விடுவிக்கும். மின்சாரம் இல்லையென்றால் கதவும் இல்லை.

வழி இருக்கிறது. பின் சீட்டின் சாய்வை மடக்கி உள்ளே கைவிட்டு எடுக்கலாம். சீட்டு மடங்காத வண்டிகளில், டிக்கிக் கதவின் உட்புற பிளாஸ்டிக் உறையில் தாழ்ப்பாளுக்கு நேராகச் சிறிய மூடியோ துளையோ பெரும்பாலும் இருக்கும். அதற்குள் தட்டை ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் தாழ்ப்பாள் விடும். உங்கள் வண்டியில் அந்தத் துளை எங்கே என்பதை வெளிச்சத்தில், அவசரமில்லாத ஒரு நாளில் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

எடுத்துக் கொடுத்தபின் ஜம்ப் ஸ்டார்ட்டரில் நான்கு விளக்கில் இரண்டு எரிந்தன. அதன் கிளாம்பை (கவ்வி) கார் பேட்டரியில் மாட்டியதும் கிளாம்பில் பச்சை விளக்கு வந்தது. ஸ்டார்ட் செய்ததும் “டக் டக் டக்” என்று ரிலே அடித்துக்கொண்டது, கிளாம்பில் சிவப்பு எரிந்தது, வண்டி எழவில்லை. உரிமையாளர் அடுத்து பூஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டு, பத்து விநாடிக்கு ஒருமுறையாக நாலைந்து தடவை செல்ஃப் அடித்தார். ஜம்ப் ஸ்டார்ட்டர் கைசுடும் அளவு சூடேறி அணைந்தது.

பேட்டரி எப்படி இவ்வளவு கீழே போனது

டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தபோது 4.1 வோல்ட். நல்ல நிலையில், வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறைய காலி. 4.1 என்பது காலியையும் தாண்டிய பள்ளம். மூன்று வாரம் சும்மா நின்றதால் மட்டும் இது வராது. நிறுத்திய நவீன கார் அலாரம், கடிகாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. மூன்று வாரத்தில் 15. புது பேட்டரி இதைத் தாங்கியிருக்கும்.

குற்றவாளி டேஷ்கேம், அதாவது வண்டிக்குள் பொருத்திய பதிவுக் கேமரா. பார்க்கிங் மோடில் இரவு பகலாகப் பதிவு செய்ய, பியூஸ் பெட்டியிலிருந்து நேரடி இணைப்பு கொடுக்கப்பட்டிருந்தது. அது மட்டும் சுமார் 250 மில்லி ஆம்பியர். நான்கு வருடமான 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் உண்மையில் எஞ்சியிருப்பது 20 அல்லது 22 என்று கொண்டால், கேமராவும் வண்டியும் சேர்ந்து மூன்று நாளில் அதை முடித்துவிடும். கேமரா இணைப்பில் குறைந்த வோல்ட்டேஜ் வந்ததும் துண்டிக்கும் வசதி இருந்தது. ஆனால் கூடுதல் நேரம் பதிவாகட்டும் என்று அது 11.6 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. 11.6-ல் துண்டித்தால் பேட்டரியைக் காப்பாற்றியதாக ஆகாது. காலியான பிறகு கையைக் கழுவுவதுதான். அதற்குப் பிறகான பதினெட்டு நாளும் வண்டியின் சொந்த 30 மில்லி ஆம்பியர் எஞ்சியதை உறிஞ்சியது.

இந்தப் பள்ளத்தில் பல நாள் கிடந்த ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படியும். பழைய பேட்டரியானால் பெரும்பாலும் மீளாது. இந்த வண்டியில் பின்னர் 3.5 ஆம்பியரில் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, இரவு முழுக்க ஓய்வு கொடுத்துப் பார்த்தால் 12.3-ல் நின்றது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ் விழுந்தது. மாற்ற வேண்டியதுதான்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் ஏன் தோற்றது

பெட்டியில் எழுதிய 12,000 எம்ஏஎச் பொய்யில்லை, ஆனால் அந்தக் கணக்கு 3.7 வோல்ட்டுக்கானது. உள்ளே 4,000 எம்ஏஎச் லித்தியம் செல் மூன்று வரிசையாக இருக்கும். மொத்த ஆற்றல் சுமார் 44 வாட்-மணி. 12 வோல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் 4 ஆம்பியர்-மணிதான். கேட்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் வேலைக்கு இது தாராளம். சிறிய பெட்ரோல் எஞ்சினின் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியரை 10 வோல்ட்டில் இரண்டு விநாடி இழுத்தால் செலவாவது ஒரு வாட்-மணிக்கும் குறைவு. பாதி சார்ஜில்கூட இருபது தடவை ஸ்டார்ட் செய்யும் ஆற்றல் உள்ளே இருந்தது.

இல்லாமல் போனது ஆற்றலை வேகமாகக் கொட்டும் திறன். லித்தியம் செல் வெயிலில் கிழடாகும்போது கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் ஏறுகிறது. புதிதாக இருக்கும்போது மூன்று செல்லும் சேர்ந்து 10 அல்லது 12 மில்லி ஓம். 150 ஆம்பியர் ஓடினால் 1.8 வோல்ட் விழும், மீதி 9.5-க்கு மேல் செல்ஃபுக்குக் கிடைக்கும். அதே செல்கள் கேபிளோடு சேர்த்து 30 மில்லி ஓம் ஆகிவிட்டால் விழுவது 4.5 வோல்ட். 11.3-ல் தொடங்கியது 7-க்கு அருகே வந்து நிற்கும். அந்த அளவில் ரிலே ஒட்டும், விடும், ஒட்டும். அதுதான் அந்த “டக் டக்”. இரண்டு விளக்கு எரிந்ததே என்று கேட்கலாம். அந்த விளக்குகள் சுமை இல்லாதபோது வோல்ட்டேஜைப் பார்த்து எரிபவை. செல் எவ்வளவு கிழடு என்பது அவற்றுக்குத் தெரியாது.

கிழடாக்கியது டிக்கி. ஹேட்ச்பேக்கில் டிக்கி தனி அறை அல்ல, கேபினின் நீட்சி. வெளியே 40 டிகிரி என்றால் மூடிய காருக்குள் 60-ஐத் தொடும். பெரும்பாலான லித்தியம் கருவிகளின் கையேட்டில், ஓடாமல் வைத்திருக்கும்போது தாங்கும் வெப்பத்தின் உச்சவரம்பும் அதுவே. அதிலும் முழுச் சார்ஜோடு இருப்பது இரட்டைக் கேடு. முழுச் சார்ஜில் 60 டிகிரியில் மூன்று மாதம் கிடந்தால் கொள்ளளவு ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவசரத்துக்கு உதவட்டும் என்று முழுக்கச் சார்ஜ் ஏற்றி டிக்கியில் போட்டு மறந்துவிடுவது, அந்த அவசரத்தில் கருவி உதவாமல் போக நல்ல ஏற்பாடு.

பூஸ்ட் பொத்தானைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. அதை அழுத்தினால் கூடுதல் பலம் எதுவும் வராது. ஸ்மார்ட் கிளாம்ப் எதிரே பேட்டரி இருக்கிறதா, முனை சரியா என்று பார்த்த பிறகே மின்சாரத்தைத் திறக்கும். எதிரே உள்ள பேட்டரி 2 அல்லது 3 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால் அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்போது அந்தக் காவலை விலக்கி நேரடியாகத் திறப்பதற்குத்தான் பூஸ்ட். பல மாடல்களில் பூஸ்ட் நிலையில் முனை மாறியிருந்தாலும் தடுக்காது. இங்கே கிளாம்ப் ஏற்கெனவே பச்சை காட்டியிருந்தது, பூஸ்டுக்கு வேலையே இல்லை. பாதுகாப்பை விலக்கிவிட்டுப் பலவீனமான செல்லை நாலைந்து தடவை கசக்கியதில் பக்கவாட்டுச் சுவர் லேசாக உப்பியது. உப்பிய ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு வைத்தியம் கிடையாது.

நல்ல நிலையில் உள்ள கருவியை மாட்டும் முறை சுருக்கமானது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் முதலில் சுரண்டுங்கள். 150 ஆம்பியருக்கு அந்தப் பூ ஒரு சுவர். விளக்கு, ஏசி, ஸ்டீரியோ எல்லாம் அணைந்திருக்கட்டும். சிவப்பு கிளாம்ப் பிளஸ்ஸில். கறுப்பு கிளாம்ப், பேட்டரிக்குத் தள்ளி எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில். பேட்டரி வாயுவுக்கு அருகே பொறி வேண்டாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சில வண்டிகளில் மைனஸ் டெர்மினலில் சென்சார் பெட்டி உட்கார்ந்திருக்கும், அதைக் கடிக்கக் கூடாது. மாட்டியபின் ஒரு நிமிடம் காத்திருங்கள். செத்த பேட்டரி கொஞ்சம் மேலே ஏறும், செல்ஃபின் பாரம் குறையும். செல்ஃப் மூன்று விநாடி, அதிகபட்சம் ஐந்து. எழவில்லையா, ஒரு நிமிட இடைவெளி. மூன்று முயற்சிக்கு மேல் போனால் பழுது வேறு எங்கோ இருக்கிறது. எஞ்சின் எழுந்ததும் அரை நிமிடத்துக்குள் கிளாம்பைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். மூன்று செல் லித்தியத்தின் முழு அளவு 12.6. திருப்பி ஏறாமல் தடுக்கும் சுற்று எல்லா மலிவு மாடலிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

செத்த பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஜம்ப் ஸ்டார்ட்டரை நேராகக் கேபிளில் கடித்து ஸ்டார்ட் செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கிளாம்பை எடுத்த மறுகணம் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் இறங்க இடமில்லாமல் வோல்ட்டேஜ் துள்ளும். அந்தத் துள்ளலில் போகக்கூடிய ஈசியுவின் (எஞ்சினை ஆளும் கணினி) விலையோடு ஒப்பிட்டால் பேட்டரி விலை ஒன்றுமேயில்லை.

சோதனை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்மார்ட் கிளாம்பின் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும். கருவி செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எதிரே பேட்டரி இல்லாமல் அது திறக்காது. கேபிள் செருகும் நீலத் துளையில் அளந்து பாருங்கள்.

ஏஎம்டியின் தனித் தொல்லை

மேனுவல் கியர் என்றால் நாலு பேர் தள்ளினால் வண்டி எழுந்திருக்கும். ஏஎம்டியில் கிளட்சையும் கியரையும் நகர்த்துவது மின்சாரம் கொடுத்தால் ஓடும் ஆக்சுவேட்டர். பேட்டரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் கிடையாது. இந்த வண்டி கியரில் போட்டு நிறுத்தப்பட்டிருந்ததால் நகரவே மறுத்தது. நியூட்ரலுக்கு மாற்றக்கூட மின்சாரம் வேண்டும். பக்கத்து வண்டியை மூக்கோடு மூக்காகக் கொண்டுவர இடமில்லாமல், நீளக் கேபிள் தேடவேண்டி வந்தது.

கிளாம்ப் மாட்டியதும் நேராகச் செல்ஃபுக்குப் போகாமல் இக்னிஷனைப் போட்டு, பிரேக்கை மிதித்து, லீவரை என்-னில் வைத்து அரை நிமிடம் பொறுத்தால் ஆக்சுவேட்டர் தன் வேலையை முடிக்கும். திரையில் என் வந்த பிறகு செல்ஃப். இந்த ஒரு பொறுமை இல்லாமல், கருவி நன்றாக இருந்தும் வண்டி எழவில்லை என்ற புகார்கள் ஏராளம்.

கடைசியில் வண்டியை எழுப்பியது அண்டை வீட்டுக் காரும் ஜம்பர் கேபிளும். முதல் கேபிள் தடியான ரப்பருக்குள் நூல்போன்ற கம்பி; சூடேறியது, வேலை நடக்கவில்லை. சிறிய பெட்ரோல் காருக்குக் கம்பியின் குறுக்குப் பரப்பு 16 சதுர மில்லிமீட்டராவது வேண்டும், டீசலுக்கு 25. உறையின் தடிமனைப் பார்த்து வாங்கினால் ரப்பர்தான் கிடைக்கும்.

காற்று

வண்டி எழுந்தது, ஆனால் பின் இடது டயரில் காற்றழுத்தம் 12 பிஎஸ்ஐ. மற்ற மூன்றும் 24. இருக்க வேண்டியது, கதவுத் தூண் ஸ்டிக்கர்படி, 30. அந்த நிலையில் பெட்ரோல் பங்க் வரை ஓட்டினால் பக்கச்சுவர் மடிந்து உள்நார் அறுபடும், டயரே போகும்.

இன்ஃப்ளேட்டர் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது 150 பிஎஸ்ஐ. கார் டயருக்கு அந்த எண்ணால் பயனில்லை. வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது. 165/80 ஆர் 14 டயருக்குள் சுமார் 25 லிட்டர் இடம். 12-லிருந்து 30-க்குக் கொண்டுபோக 31 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். மற்ற மூன்றுக்கும் தலா 10. மொத்தம் 60 லிட்டருக்கு மேல். எதிரழுத்தத்தில் உண்மையில் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளும் சிறிய பம்புக்கு இது ஆறு நிமிட வேலை. உள்ளே இருப்பது 2,500 எம்ஏஎச் செல் இரண்டு, வரிசையாக (பெட்டியில் இரண்டையும் கூட்டி 5,000 என்று போட்டிருப்பார்கள்), 18 வாட்-மணி. மோட்டார் 90 வாட் இழுத்தால் முழுச் சார்ஜில் பன்னிரண்டு நிமிடம். கணக்குப்படி போதும்.

ஆனால் கருவி 22 பிஎஸ்ஐயில் முனகி நின்றது. சார்ஜ் ஏறவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. மாதம் ஒருமுறை சார்ஜில் போட்டது உண்மை. போட்டது புது போனின் சார்ஜரில், இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில். அந்த வகை சார்ஜர், எதிரே உள்ள கருவியில் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருப்பதைப் பார்த்த பிறகே 5 வோல்ட்டைத் திறக்கும். சில காசு விலையுள்ள அந்த இரண்டையும் வைக்காமல் டைப்-சி துளையை மட்டும் வைத்த மலிவுக் கருவிகள் சந்தையில் நிறைய. அவற்றுக்கு ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளும் சாதாரண 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜரும்தான் ஒத்துவரும். பெட்டியில் வந்த குட்டிக் கேபிள் அப்படித்தான் இருக்கும், அதைத் தொலைக்காதீர்கள். சார்ஜில் போட்டால் விளக்கு எரிகிறதா என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.

சார்ஜ் இருந்தாலும் இந்தச் சிறிய பம்புகள் எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடக் கூடாது. விரல் அளவு பிஸ்டன், விசிறி பெயரளவுக்கு. ஓட்டிய அளவு நேரம் ஓய்வும் வேண்டும். வால்வில் திருகும் பித்தளை முனை கொதிக்கும். துணியால் பிடித்துக் கழற்றுங்கள். கழற்றும்போது ஒரு பிஎஸ்ஐ வரை போகும், அதனால் 31-ல் நிறுத்தலாம். ஓடிச் சூடான டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்தால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். ட்யூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு விலகியிருந்தால் எந்தக் கையடக்க பம்பும் உதவாது. விளிம்பை உட்காரவைக்க ஒரே மூச்சில் பாயும் காற்று வேண்டும், அது பஞ்சர் கடையில்தான் இருக்கிறது.

பின் இடது டயரில் சோப்புத் தண்ணீர் தடவியதும் மிதிப்பட்டையில் ஒரு ஸ்க்ரூவின் தலையைச் சுற்றிக் குமிழி வந்தது. பிடுங்காமல் விட்டதால் மெதுவாகத்தான் கசிந்தது. காற்றை நிரப்பிக் கடைவரை போக நேரம் கிடைத்தது. ஆணியைப் பார்த்ததும் பிடுங்கும் கைகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-ல் வந்த திருத்தத்தின்படி, டயர் அழுத்தம் காட்டும் அமைப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் கார் ஸ்டெப்னி இல்லாமல் வரலாம். அப்படிப்பட்ட வண்டியில் இன்ஃப்ளேட்டர் ஆடம்பரப் பொருள் அல்ல. ஆனால் அதற்கும் லித்தியம் தேவையில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் கம்பி வகை போதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் நான்கு டயரையும் சளைக்காமல் நிரப்பும். துளையின் பியூஸ் 10 ஆம்பியரா 15-ஆ என்று பார்த்து, பம்பு அதற்குள் அடங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; ஒரே அளவு பியூஸ் இரண்டு உபரியாக இருக்கட்டும். டிக்கி வெயிலில் பத்து வருடம் கிடந்தாலும் அதில் கிழடாக செல் எதுவும் கிடையாது. கம்பியில்லாதது என்ற ஒரே சௌகரியத்துக்காக இன்னொரு பேட்டரியைப் பராமரிப்பது, நம் ஊர் வெயிலில் நஷ்டக் கணக்கு. வண்டியோடு போக வேண்டியவற்றில் சொந்த பேட்டரி பெரும்பாலும் தேவைப்படுவது ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றுக்குத்தான்.

தூசியும் தண்ணீரும்

வேக்குவம் கிளீனர் ஆறு நிமிடத்தில் சூடாகி நின்றது, புளித்த வாடை அடித்தது. ஊருக்குப் போகுமுன் பில்டரைக் கழுவி, ஈரம் போகாமல் மாட்டியிருக்கிறார்கள். மடிப்பு பில்டர் உள்ளே உலர 24 மணி நேரம் பிடிக்கும். ஈரப் பில்டரில் தூசி படிந்தால் களிமண். இவ்வகைக் கருவிகளில் மோட்டாரைக் குளிர்விப்பதும் உறிஞ்சப்பட்டு வரும் அதே காற்றுதான். பில்டர் அடைத்தால் உறிஞ்சலும் போகும், குளிர்ச்சியும் போகும். மாற்று பில்டர் ஒன்று வைத்துக்கொண்டு மாறி மாறிப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. பதினைந்து நிமிட பேட்டரியில் ஒரு காரை முடிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேட்டை வெளியே எடுத்து உதறி, சீட்டுத் தண்டவாளத்து மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிளப்பிவிட்டுப் பிறகு ஓட்டினால் ஓரளவு எட்டும்.

வாட்டர் கன்னின் பேட்டரியில் 88விஎஃப் என்று எழுதியிருந்தது. 88 வோல்ட் என்று நினைப்பார்கள் என்பதற்காகவே அச்சிட்ட எண் அது. உள்ளே ஐந்து லித்தியம் செல், முழுச் சார்ஜில் 21 வோல்ட். 1,500 எம்ஏஎச் செல் என்றால் 28 வாட்-மணி, பன்னிரண்டு நிமிட ஓட்டம். அழுத்தம் 20 முதல் 25 பார். வீட்டுக் கரன்ட்டில் ஓடும் பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் தரும். ஆனால் இந்தக் கன் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் குடிக்கும். 20 லிட்டர் வாளி இரண்டு, மூன்று இருந்தால் ஒரு ஹேட்ச்பேக் முடிந்துவிடும். குழாய் வசதி இல்லாத பார்க்கிங்கிலும் தண்ணீர்ப் பஞ்சக் கோடையிலும் இது பெரிய விஷயம். பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த காலமும் வந்துபோனது.

கன் இங்கே விட்டு விட்டுத் துப்பியது. வாளிக் குழாயின் இணைப்பு வளையம் தளர்ந்து காற்றை உறிஞ்சியதுதான் காரணம். குழாயை முதலில் தண்ணீரால் நிரப்பி, வடிகட்டி முனை வாளியின் அடியில் கிடக்கும்படி எடைகட்டிவிட்டு டிரிகரை அழுத்த வேண்டும். வறண்டு ஓடினால் பம்பின் சீல் தேயும். வாளி அடியில் மணல் இருந்தால் வால்வு போகும்.

பெரிய தவறு வேறு. பானெட்டில் காய்ந்திருந்த காக்கை எச்சம் 20 பாரில் போகவில்லை. ஊசித் தாரையை மூன்று விரல் தூரத்தில் வைத்து அடித்ததில் எச்சத்தோடு பானெட் ஓரத்தில் பெயிண்டும் எழுந்தது. ஈரத்துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டிருந்தால் கையாலேயே வந்திருக்கும். விசிறித் தாரை, ஒரு அடி தூரம், நிழலில், ஆறிய தகட்டில். பிறகு பானெட்டைத் திறந்து, எலி சேர்த்த குப்பையையும் கன்னால் அடித்திருக்கிறார்கள். மறுநாள் எஞ்சின் குலுங்கியது. ஸ்பார்க் ப்ளக் குழிக்குள் தண்ணீர். காயில்களைக் கழற்றித் துடைத்து உலர்த்தியதும் சரியானது. எஞ்சின் அறைக்குப் பிரஷ்ஷும் துணியும் போதும். எலி இருந்த இடத்தில் தண்ணீரைவிட முதலில் ஓட்ட வேண்டியது கண்: கடித்த ஒயர் இருக்கிறதா என்று. போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் கழுவிய கையோடு மைக்ரோஃபைபர் துணியால் துடைக்காவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் கண்ணாடியில் நிரந்தரமாகும்.

மாற்றி அமைத்தது

புது பேட்டரி போட்டார்கள். டேஷ்கேம் துண்டிக்கும் அளவை 11.6-லிருந்து 12.2-க்கு ஏற்றினார்கள். பத்து நாளுக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுவது என்று முடிவு. திரும்பி வந்ததும் கடிகாரத்தையும் கண்ணாடி ஏற்றத்தையும் மறுபடி பழக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஏஎம்டியைச் சமதளத்தில் நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள்.

கையடக்க இன்ஃப்ளேட்டர் வீட்டுக்குப் போய் ஸ்கூட்டருக்கு உதவுகிறது. வண்டியில் 12 வோல்ட் கம்பி வகை. வேக்குவமும் வாட்டர் கன்னும் வீட்டு அலமாரியில், பாதிச் சார்ஜில். வாட்டர் கன்னோடு வந்த மலிவுச் சார்ஜரை இரவு முழுக்கச் செருகி வைப்பதில்லை. விளக்கு பச்சையானதும் கழற்றிவிடுகிறார்கள்.

புது ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கும்போது உச்ச ஆம்பியரைப் பார்க்காமல், மூன்று விநாடி ஸ்டார்ட் ஆம்பியர் எவ்வளவு என்று தேடினார்கள். சிறிய பெட்ரோலுக்கு 200 போதும், டீசலுக்கு 400 பக்கம் போக வேண்டும். செல்லில் ஐஎஸ் 16046 (லித்தியம் செல் பாதுகாப்புக்கான இந்தியத் தரம்) பதிவு எண் இருக்கிறதா என்பதும் பார்க்கப்பட்டது. அது அன்றாடம் தோள்பையில் வண்டிக்குள் போய் பையோடு வீட்டுக்கு வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ். தினம் தூக்க முடியாது, வண்டியிலேயே கிடக்கத்தான் வேண்டும் என்பவர்கள் சூப்பர் கெபாசிட்டர் வகையைப் பார்க்கலாம். விலை அதிகம். உள்ளே நிரந்தரச் சார்ஜ் இருக்காது. செத்த பேட்டரியில் எஞ்சியதிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ சில நிமிடத்தில் நிரம்பி, ஒரே தடவையில் கொட்டும். வெயிலைத் தாங்கும். ஆனால் 4.1 வோல்ட் பேட்டரியிலிருந்து நிரம்ப வெகுநேரம் எடுக்கும், சில மாடல்கள் மறுத்தும்விடும். அதனால் ஒரு சாதாரண பவர் பேங்க்கும் கையில் இருக்க வேண்டும்.

உப்பிய பழைய ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கழிவுப் பெட்டியில் போடவில்லை. கேபிள் துளையை இன்சுலேஷன் டேப்பால் மூடி, உலோகம் படாத வாளியில் மணல்மேல் வைத்து, பால்கனி நிழலில் நிறுத்தி, இரண்டு நாளில் மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்தாயிற்று. பேட்டரிக் கழிவு விதிகள் (2022) தயாரித்தவரையும் இறக்குமதி செய்தவரையும் திரும்பப் பெறும் பொறுப்பில் நிறுத்துகின்றன. வாங்கிய பில் இருந்தால் அவர்களிடமே கேட்கலாம்.